தண்ணீரில் நின்றுகொண்டே வாடிய மிளகாய்

இன்று காலை 27 மிளகாய்ப் பைகளின் அடியிலும் வடிந்த தண்ணீரைப் பிடித்து, அதில் உப்பு எவ்வளவு என்று மீட்டரில் அளந்தேன். கூடியது 2.6, குறைந்தது 1.9. ஐந்து வாரத்துக்கு முன் இதே பைகளில் 7.6 காட்டியது. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இதில் நான் செய்த நான்கு காரியங்களில் மூன்று செடியை இன்னும் வேகமாகக் கொன்றன.

வீடு மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தாமானில் (குடியிருப்பில்) ஓரத்து வீடு. பக்கவாட்டில் 12 அடி அகலத்துக்கு வெறும் நிலம் கிடக்கிறது. வேலை செம்பனை மில்லில் ஃபிட்டர், ஷிஃப்ட் முடிந்து வந்தால் கை சும்மா இருக்காது. போன வருடம் அந்த நிலத்து மண்ணிலேயே மிளகாய் போட்டு, பாக்டீரியா வாடல் வந்து மொத்தமும் போயிற்று. அதனால் இந்தத் தடவை மண்ணே வேண்டாமென்று பாலிபேக், தேங்காய் நார்த்தூள், டிரிப்பர் என்று இறங்கினேன். 40 பை, மாற்றுக்கு 8 பை. நார்த்தூள் நிரப்பியே விற்றார்கள், பை 3 வெள்ளி (ரிங்கிட்) 80 சென், 48 பைக்கு 182 வெள்ளி 40 சென். "கழுவினதுதான், அப்படியே நடலாம்" என்று விற்றவர் சொன்னார், நானும் நட்டேன். குலாய் ரகம், நாற்றுத் தட்டில் 30 நாள் வளர்த்தது.

உரம் வழக்கமான ஏ-பி செட். ஏ-யில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும், பி-யில் மற்றதெல்லாம். இரண்டையும் கெட்டியாக இருக்கும்போதே கலந்தால் கால்சியம் சுண்ணாம்பு மாதிரி அடியில் படிந்துவிடும், அதனால் தனித்தனி வாளியில் கரைத்து 200 லிட்டர் டிரம்மில்தான் ஒன்றாக ஊற்ற வேண்டும். அளவு பார்ப்பது இ.சி. மீட்டரில். பேனா மாதிரி இருக்கும், 32 வெள்ளி, தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மின்சாரம் கடத்துவதை வைத்துச் சொல்லும். டிரம்மில் 2.0 வைத்தேன். டிரிப்பர் மணிக்கு 4 லிட்டர் விடுவது, டைமரை நாளுக்கு 3 தடவை, தடவைக்கு 4 நிமிடம் என்று வைத்தேன், கணக்குப்படி பைக்கு 800 மில்லி.

அப்புறம் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். பையின் அடியில் வடிகிற தண்ணீர் சிமெண்டில் ஓடி வீணாகிறதே, அதிலும் காசு கொடுத்து வாங்கிய உரமாயிற்றே என்று ஒவ்வொரு பைக்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்தேன். 5 சென்டிமீட்டர் உயரம், தட்டு 2 வெள்ளி. வடிவது தட்டில் நிற்கும், செடி மறுபடி உறிஞ்சிக்கொள்ளும், ஒரு சொட்டு வீணில்லை. மில்லில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

நட்டு 31ஆம் நாள் வரை ஒரு குறையும் இல்லை. அன்று மதியம் ஷிஃப்ட் மாறி வீட்டுக்கு வந்தபோது ஏழெட்டுச் செடி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. மறுநாள் காலை பார்த்தால் நிமிர்ந்து நிற்கிறது, மதியம் மறுபடி தொங்கல். போன வருட பயத்தில் முதலில் நினைத்தது பாக்டீரியாதான். அதற்குச் சோதனை சுலபம்: தண்டை அடியில் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து வெட்டிய முனை மட்டும் நனைகிற மாதிரி தொங்கவிட வேண்டும். பாக்டீரியா இருந்தால் சில நிமிடத்தில் பால் இழை மாதிரி கீழே இறங்கும். போன வருடம் கண்ணால் பார்த்தது. இந்தத் தடவை அரை மணி நேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் இறங்கவில்லை. ஒரு செடி போனதுதான் மிச்சம்.

நோய் இல்லையென்றால் தாகம், அப்படித்தானே நினைப்போம். டைமரை 3 தடவையிலிருந்து 6 ஆக்கினேன். தட்டில் எந்நேரமும் தண்ணீர் நின்றது, நார்த்தூளைப் பிழிந்தால் கையில் வடிகிறது, செடியோ காலை 10 மணிக்கே வாட ஆரம்பித்துவிட்டது. நாலு நாளில் இலை ஓரம் பழுப்பாகக் கருகியது. பொட்டாசியம் பற்றாக்குறையில் அப்படி ஓரம் கருகும் என்று எங்கோ படித்த ஞாபகம், உடனே உரத்தை 2.0-இலிருந்து 2.8-க்கு ஏற்றினேன். ஆக, தாகத்தில் கிடக்கிறவனுக்கு ஊறுகாயும் கருவாடும் எடுத்து வைத்த கதை. 39ஆம் நாளுக்குள், சோதனைக்கு வெட்டியதையும் சேர்த்து, ஆறு செடி போயின.

அம்மாவுக்கு 74 வயது, 30 வருடத்துக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுத்தவர். பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார். "காலையில நிமிருது, வெயில் ஏறுனா சாயுதுன்னா அது இன்னும் சாவலடா. மரமும் அப்படித்தான், இருட்டுல வெட்டுனாதான் பால் ஓடும், வெயில் வந்துட்டா மங்குல பாதிதான் நிக்கும்" என்றார். மங்கு என்பது பால் பிடிக்கிற கிண்ணம். நாலு மணிக்கே எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடியதெல்லாம் அதற்காகத்தான். நான் சின்ன வயதில் அதை தோட்டத்து நிர்வாகத்தின் கொடுமை என்றே நினைத்திருந்தேன், பாதி அதுவும்தான், ஆனால் மரத்தின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. பால் என்பது பட்டைக்குள் குழாய் மாதிரி இணைந்திருக்கிற உயிரணுக்களுக்குள் இருப்பது. இரவெல்லாம் வேர் தண்ணீர் இழுக்க, இலையில் ஆவியாவது நின்றுபோக, அந்தக் குழாய்கள் விடிவதற்குள் விம்மிப்போகும், உள்ளே ஏறத்தாழ 10 அட்மாஸ்பியர் அழுத்தம். எங்கள் மில்லில் செம்பனைக் குலையை வேகவைக்கிற ஸ்டெரிலைசரையே 3 பாரில்தான் ஓட்டுகிறோம், அதற்கு எத்தனை வால்வு, எத்தனை சோதனை, எத்தனை கையெழுத்து! அம்மா கத்தியால் கீறியபோது அதைப்போல மூன்று மடங்கு அழுத்தம் உள்ளே இருந்திருக்கிறது. வெயில் ஏறினால் இலை தண்ணீரை இழுக்கும், பட்டையில் அழுத்தம் இறங்கும், பால் சுருங்கும்.

சரி, மிளகாய்க்கு வருவோம். அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் புலம்ப, அம்மா ஒரு கேள்வி கேட்டார். "அந்த வெள்ளைத் தூளு என்னா, உப்பு மாதிரிதானே? மாங்காய வெட்டி உப்புப் போட்டு வச்சா ராத்திரிக்குள்ள தண்ணி விடாதா?" ஃபார்ம் 4 படிக்கிற மகள் சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "அப்பா, பாட்டி சொல்றது ஒஸ்மோசிஸ். எங்களுக்கு அடுத்த வாரம் உருளைக்கிழங்கு எக்ஸ்பெரிமெண்ட் இருக்கு." தமிழில் சவ்வூடுபரவல் என்று படித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அதற்கு மாங்காய் ஊறல் என்று பெயர்.

உருளைக்கிழங்கை அடுத்த வாரம் வரை தள்ளிப்போட எனக்குப் பொறுமை இல்லை, மறுநாளே வீட்டில் செய்துவிட்டோம். பள்ளியில் கிழங்கைத் துளைக்கக் குழாய் மாதிரி ஒரு கருவி தருவார்களாம். என்னிடம் உள்விட்டம் 9 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய்த் துண்டு கிடந்தது, ஒரு முனையை வெளிப்பக்கமாகச் சாய்த்து அரைத்துக் கூராக்கினேன், 10 நிமிட வேலை, வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வெர்னியர் காலிப்பரால் அளந்து எல்லாத் துண்டும் 50 மில்லிமீட்டர். எடை பார்க்க 0.01 கிராம் காட்டுகிற குட்டித் தராசு, 19 வெள்ளி. துண்டு ஒன்று 3.4 கிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே.

சர்க்கரைக் கரைசலில் முதலில் தப்பு செய்தேன். 200 மில்லி தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அப்புறம் மொத்தம் 200 மில்லி வருகிற வரைக்கும் ஊற்ற வேண்டுமாம், இல்லாவிட்டால் சர்க்கரையே இடம் பிடித்து அளவு கூடிவிடும். கொட்டிவிட்டு மறுபடி செய்தோம். கரைசலின் கெட்டியை மோலார் என்ற அளவில் சொல்வார்களாம். 0.1 மோலாருக்கு 6.8 கிராம், 0.2-க்கு 13.7, 0.3-க்கு 20.5, 0.4-க்கு 27.4, 0.5-க்கு 34.2. ஒவ்வொரு தம்ளரிலும் மூன்று துண்டு, வெறும் தண்ணீரில் மூன்று, இரண்டு மணி நேரம். எடுத்ததும் டிஷ்யூவால் ஒரே மாதிரி ஒற்ற வேண்டும். முதல் மூன்றை நான் ஒற்றாமல் எடை போட்டு, எல்லாமே கனத்தது போலக் காட்டி, அதையும் திரும்பச் செய்தோம்.

வெறும் தண்ணீரில் இருந்தவை 8 சதவீதம் கனத்திருந்தன, ஒடித்தால் டக்கென்று சத்தம் வந்தது. 0.1-இல் 5 சதவீதம் கூடுதல், 0.2-இல் 2. 0.3-இல் 2 சதவீதம் குறைந்திருந்தது, 0.5-இல் 10 சதவீதம் குறைந்து ரப்பர் மாதிரி வளைந்தது, விரலில் சுற்றலாம். கோடு போட்டுப் பார்த்தால் எடை கூடவும் இல்லை குறையவும் இல்லை என்கிற இடம் 0.2-க்கும் 0.3-க்கும் நடுவில் விழுகிறது. கிழங்கின் உயிரணுவுக்குள் இருக்கிற கரைசல் ஏறக்குறைய அந்த அளவு கெட்டி என்று அர்த்தம். உள்ளும் வெளியும் சமமாக இருந்தால் தண்ணீர் போவதும் வருவதும் சமம். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் 0.9 சதவீத உப்பாக இருப்பதும் இதற்காகத்தான், ரத்தச் சிவப்பணு வீங்கவும் கூடாது, சுருங்கவும் கூடாது.

இதில் இன்னொரு கூத்து. சர்க்கரைத் தண்ணீரில் இ.சி. மீட்டரை விட்டேன், 0.1 காட்டியது. கெட்டிக்குக் கெட்டி மாற்றிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதேதான். மீட்டர் செத்துவிட்டது, இத்தனை நாள் பொய் சொல்லியிருக்கிறது என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று ஆர்டர் போடப் போனேன். மகள்தான் தடுத்தாள். சர்க்கரை கரைந்தாலும் முழு மூலக்கூறாகவே இருக்கும், மின்சாரம் கடத்தாது. உப்பு இரண்டாகப் பிரிந்து கடத்தும். மீட்டர் எண்ணுவது கடத்துவதை மட்டும், செடியின் வேருக்கோ இரண்டும் ஒன்றுதான். இருந்தாலும் சந்தேகம் தீர 1.413 காட்ட வேண்டிய அளவுக் கரைசல் பொட்டலம் ஒன்று, 4 வெள்ளி, வாங்கி வைத்தேன். 1.55 காட்டியது, பின்பக்கத் திருகைத் திருகிச் சரிசெய்தேன். அவ்வளவு பெரிய பிசகு இல்லை.

அப்போதுதான் தோன்றியது, நான் இத்தனை நாளும் டிரம்மில் உள்ளதை மட்டும்தான் அளந்தேன், வேர் குடிக்கிற தண்ணீரை ஒரு தடவையும் அளக்கவில்லை. பையை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து, ஐஸ்கிரீம் டப்பாவைக் கீழே வைத்து, மேலே 500 மில்லி தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் கழித்து வடிந்ததை அளந்தேன். 7.6. வேறு நாலு பையில் 6.9, 7.2, 7.4, 7.9. தட்டில் நின்ற தண்ணீர் 9.4. டிரம்மில் 2.8தான்.

நடந்தது இதுதான். செடி தண்ணீரை வேகமாகக் குடிக்கிறது, உப்பை அந்த வேகத்தில் எடுப்பதில்லை. மிச்ச உப்பு பையிலேயே நிற்கிறது. தட்டில் வடிந்தது வெயிலில் ஆவியாகிக் கெட்டியாகிறது, அதை நார்த்தூள் மறுபடி மேலே உறிஞ்சுகிறது, அடுத்த நாள் அதன்மேல் இன்னும் உரம். வெளியே போக வழியே இல்லை. நான் தண்ணீரைக் கூட்டினேன் என்று நினைத்தது உரத்தைத்தான் இரட்டிப்பாக்கியது. போதாதற்கு மாற்று பை எட்டில் ஒன்றை, உரமே படாததை, எடுத்து அளந்தால் அதிலேயே 3.1 இருந்தது. கழுவின நார்த்தூள் எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் உண்டு, கடலோர உவர்த் தண்ணீரில் ஊறவைத்த மட்டையென்றால் கேட்கவே வேண்டாம்.

வேரிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டுவிட்டது, மாங்காய் மாதிரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். அதையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று தட்டுத் தண்ணீரிலேயே உருளைக்கிழங்கைப் போட்டேன். சுருங்கும் என்று 5 வெள்ளி பந்தயம் வேறு. சுருங்கவில்லை! 4 சதவீதம் கனத்திருந்தது. டிரம்மின் 2.8 கரைசலில் போட்டது 7 சதவீதம். வெறும் தண்ணீரில் 8. மகளுக்கு 5 வெள்ளி போனது போக, என் அழகான விளக்கமும் பாதி போயிற்று. 9.4 என்பது உயிரணுவிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கிற அளவு கெட்டி இல்லை, உள்ளே வருகிற வேகத்தைப் பாதியாக்குகிற அளவுதான். கிழங்குக்கு அவசரமில்லை, தம்ளரில் கிடக்கிறது. செடிக்கு மேலே இலையில் வெயில் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, கீழே வரவு பாதி, செலவு முழுசு, 10 மணிக்கே கணக்கு இடிக்கிறது. ராத்திரி செலவு இல்லாததால் காலைக்குள் நிமிர்ந்துவிடுகிறது. இலை ஓரக் கருகலும் இதோடு சேர்ந்ததே. செடிக்குள் நுழைந்துவிட்ட உப்பு தண்ணீரோடு இலை ஓரம் வரை போகும், அங்கே தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும்.

வேரைப் பிடுங்கிப் பார்த்த ஒரு செடியில் தட்டுத் தண்ணீரில் மூழ்கியிருந்த பகுதி பழுப்பாக, வழவழவென்று இருந்தது. தண்ணீர் தானாகவே சவ்வைத் தாண்டி வரும், அதற்கென்று சவ்வில் தனி வாய்க்கால்களே உண்டு. அவற்றை அடையாளம் கண்ட பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வேரில் காற்றுப் போகாவிட்டால் உயிரணுவுக்குள் அமிலம் ஏறி அந்த வாய்க்கால்கள் மூடிக்கொள்ளும். உரத்தின் கதை வேறு. நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் உள்ளே இழுக்க வேர் சக்தி செலவழித்துப் பம்பு ஓட்ட வேண்டும், பம்பு ஓட மூச்சு வேண்டும், மூச்சுக்குக் காற்று வேண்டும். தேங்கிய தட்டில் காற்று ஏது? சேமிக்க வைத்த தட்டு உப்பையும் ஏற்றியது, மூச்சையும் அடைத்தது.

இலை ஒன்றையும் பார்த்துவிட வேண்டும் என்று மகள் பிடிவாதம். போனில் மாட்டுகிற 60 மடங்கு லென்ஸ், 14 வெள்ளி. வேலியோரம் எல்லா வீட்டிலும் இருக்குமே, வாள் மாதிரி இலை, மேலே பச்சை, அடியில் ஊதா, அந்தச் செடி. பள்ளிகளிலும் இதற்கு அதைத்தான் வைப்பார்களாம். இலையை மடக்கி ஒடித்து அடித்தோலை மெல்லிசாக உரித்தால் ஊதாக் கட்டம் கட்டமாகத் தெரியும். 5 சதவீத உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டோம். ஐந்து நிமிடத்துக்குள் ஒவ்வொரு கட்டத்திலும் ஊதா சுவரைவிட்டு விலகி நடுவில் உருண்டையாகச் சுருங்கியது. டிஷ்யூவால் உப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் விட்டதும் மெல்ல மெல்ல விரிந்து சுவரைத் தொட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம், கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார். இன்னொரு துண்டை உப்பிலேயே இரண்டு மணி நேரம் மறந்து விட்டுவிட்டோம். அதற்குத் தண்ணீர் விட்டபோது விரியவில்லை, ஊதா கசிந்து வெளியே பரவியது, சவ்வு செத்துப்போயிருந்தது. அதைப் பார்த்ததும்தான் பைகளை அன்றைக்கே கழுவ எழுந்தேன், மணி மாலை 6.

தட்டுகளைத் தூக்கி எறிந்தேன். ஒவ்வொரு பையின் அடியிலும் சூடான கம்பியால் 8 மில்லிமீட்டர் ஓட்டை ஆறு கூடுதலாகப் போட்டு, எல்லாவற்றையும் செங்கல்மேல் ஏற்றினேன். 34 பை, பைக்கு 9 லிட்டர் வெறும் தண்ணீர், டிரம்மில் ஒன்றரை தடவை. ஒரேயடியாக ஊற்றினால் நடுவில் பள்ளம் பறித்து ஓரமாக ஓடிவிடுகிறது, அதனால் பூவாளியில் மூன்று மூன்று லிட்டராக, நடுவில் 15 நிமிடம் விட்டு ஊற்றினேன். முதல் 3 லிட்டருக்கு 4.9, ஆறுக்கு 2.6, ஒன்பதுக்கு 1.7. முடிக்க ராத்திரி 10 ஆயிற்று, கொசுக்கடி தனிக் கணக்கு. மறுநாள் காலை மறுபடி அளந்தால் 2.3, நார்த்தூள் உள்ளே பிடித்து வைத்திருந்த உப்பு ராத்திரியில் கசிந்திருக்கிறது. இன்னும் 3 லிட்டர் ஊற்றினேன்.

அன்று மதியம் 12 மணிக்கு மில்லிலிருந்து மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "நிக்குதுங்க, ஒன்னு ரெண்டுதான் சாயுது" என்றார். எல்லாம் நிற்கவில்லை. அடுத்த பத்து நாளில் ஏழு செடி போயின, எல்லாமே தண்டின் அடியில் வேர் அழுகியவை. கருகிய இலை ஓரம் ஒருபோதும் பச்சையாகாது, அதை எதிர்பார்க்கக் கூடாது, புது இலை எப்படி வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது 6ஆம் நாள் சுத்தமாக வந்தது. மூன்று நாள் வெறும் தண்ணீர், அப்புறம் 1.4 உரம், அப்புறம் 1.8, இப்போது 2.0. முதல் காய்களில் கொஞ்சம் நுனி கறுத்திருந்தது. கால்சியம் தண்ணீரோடுதான் ஏறும், தண்ணீர் ஏறாத நாட்களில் உருவான காய்கள் அவை. பின்னால் வந்தவற்றில் இல்லை.

மாற்று பை எட்டையும் ஒழுங்காகக் கழுவினேன். வெறும் தண்ணீரில் 3.1-ஐ 0.8-க்கு இறக்குவது சுலபம், ஆனால் சோடியமும் பொட்டாசியமும் நார்த்தூளில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீருக்கு விடாது. கால்சியம் நைட்ரேட்டை 1.5 வருகிற மாதிரி கரைத்து ஒரு ராத்திரி ஊறவைத்து வடித்தால் கால்சியம் அந்த இடத்தில் உட்கார்ந்து அவற்றைத் தள்ளிவிடும். ஒரு கிலோ 9 வெள்ளி, இந்த எட்டுப் பைக்கும் ஒரு மூலைகூடச் செலவாகவில்லை. 9 வெள்ளியை முதல் நாளே செலவழித்திருந்தால் 13 செடியில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அடுத்த தடவை பை வந்து இறங்கியதும் முதல் வேலை கழுவல், விற்றவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் சரி. தட்டுக்குப் பதில் பாதியாக நெடுக்கே அறுத்த 4 அங்குல பிவிசி குழாயைச் சாய்வாக ஓட்டி, வடிவதை வாழைமரத்துக்கு விடப்போகிறேன். ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்காவது கீழே வடிய வேண்டும், அது வீண் இல்லை, உப்பு போகிற வழி. கடும் வெயில் நாட்களில் உரத்தைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். டிரம் மூடியில் சாக்பீஸால் இரண்டு வரிசை எழுதுகிறேன், உள்ளே போவது, வெளியே வருவது, வாரம் இரண்டு தடவை. வித்தியாசம் 1-ஐத் தாண்டினால் அன்று வெறும் தண்ணீர்.

போன சனிக்கிழமை 27 செடியில் முதல் பறிப்பு 4 கிலோ 200. வளைந்தது, குட்டையானது, நுனி கறுத்தது என்று ஒரு கிலோ கழித்தேன், நுனியை நறுக்கிவிட்டு அம்மா அதை மோர் மிளகாய்க்கு எடுத்துக்கொண்டார். மகளிடம் ஒரு சாக்கு ஊசியைக் கொடுத்து ஒவ்வொரு காயிலும் இரண்டு குத்து குத்தச் சொன்னார். ஏன் பாட்டி, மாங்காய் மாதிரி அப்படியே உப்பில் போட்டால் ஆகாதா என்று இவள் கேட்க, "மாங்காய நறுக்கிப் போடுறோம், இதுக்கு மேல மெழுகு இருக்குடி, குத்தலேன்னா மூனு நாளானாலும் உப்பு உள்ள இறங்காது" என்றார். மகள் குத்தாத காய் ஐந்தை நூல் கட்டி அடையாளம் வைத்து அதே சட்டியில் போட்டிருக்கிறாள். ஒரு கிலோவுக்கு 80 கிராம் உப்பு, நாளைக்கு மூன்றாம் நாள், தராசு மேசைமேலேயே இருக்கிறது.